சீருடையைக் கொடுத்தது யார்? போலீஸ், துணைப் போலீஸ், ஜாகா: நியமனமும் அதிகார எல்லையும்



படிவம் 4, 5 மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள். "தோட்டத்து வாசல்ல நிக்கிறவரு, ரயில் நிலையத்துல நீலச் சட்டை போட்டு நிக்கிறவரு, ஜாசின் போலீஸ் நிலையத்துல இருக்கிறவரு, இந்த மூணு பேருல யாரு போலீஸ்?" வகுப்பில் பாதிப் பேர் "மூணு பேருமே" என்பார்கள். "தோட்டத்துல இருக்கிறவரு சும்மா ஜாகாதானே சார், அவருக்கு ஒன்னும் கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பதிலும் முழுச் சரியில்லை.

சட்டம் நம் பாடமில்லைதான். ஆனால் கருத்துணர்தல் பனுவலிலும் கட்டுரைத் தலைப்பிலும் குற்றத் தடுப்பு, பாதுகாப்பு, குடிமகன் கடமை எல்லாம் வந்துகொண்டே இருக்கின்றன. அதைவிட முக்கியம், மலாக்காவின் தோட்டப் பகுதிகளிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் இந்தச் சீருடைக்காரர்களைத் தினமும் பார்க்கிறார்கள். யாருக்கு எதுவரை அதிகாரம் என்று தெரியாததால் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சிலர் தேவையில்லாமல் எதிர்த்து நின்று மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தச் சீருடையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி போதும். இவரை நியமித்தது யார்? எந்த இடத்துக்கு நியமித்தார்கள்? அந்த இடத்தில் எதுவரை செய்யலாம்? இந்த மூன்றையும் வைத்தே கட்டுரையை நகர்த்துகிறேன்.

முதலில் அந்த 'ஷெரிப்' குழப்பம்

பிள்ளைகள் அமெரிக்கப் படம் நிறையப் பார்க்கிறார்கள். நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஷெரிப், பக்கத்தில் நிற்கும் ஆளைக் கூப்பிட்டு, "இன்றிலிருந்து நீ என் துணை அதிகாரி" என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை அவனுக்கும் குத்திவிடுவார். படம் கொஞ்சம் மிகைதான். ஆனால் அடிப்படை உண்மை. அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் 3,000-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் ஷெரிப்பை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணை ஷெரிப்புகளை அவர் நியமிக்கிறார். யாரை எங்கே வேலைக்குப் போடுவது என்பதும் பெரும்பாலும் அவர் கையில். எத்தனை பேர், என்ன தகுதி, எப்படி நீக்குவது என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் வரையறுக்கும்.

நம் நாட்டில் அப்படி இல்லை. போலீஸ் தலைவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. மாவட்டப் போலீஸ் தலைவர் நினைத்தால் வழியில் போகிறவரைப் போலீஸ் ஆக்கவும் முடியாது. நம் உயர் நீதிமன்ற விதிகளிலும் ஷெரிப் என்ற சொல் உண்டு. அது நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரியைக் குறிக்கும் சொல். கப்பலைப் பறிமுதல் செய்யும் வழக்குகளில் அதிகம் கேட்கலாம். பெயர் ஒன்று, வேலை வேறு.

மலாக்காவில் காவல்: ஒரு சுருக்கமான பின்னணி

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் ஊர்க் காவலும் ஒழுங்கும் தெமெங்கோங் என்ற அமைச்சரின் பொறுப்பு. சந்தையில் எடை, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். அதிகாரம் அரசரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து கீழே இருப்பவர்களுக்கு என்று இறங்கியது. 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியபோதெல்லாம் நியமிக்கும் கையும் மாறியது. பினாங்கில் 1807 மார்ச் 25-இல் நடப்புக்கு வந்த நீதிச் சாசனத்தைத்தான் நவீன போலீஸின் தொடக்கமாகக் கொள்கிறோம். மார்ச் 25 போலீஸ் தினமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 1826-இல் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றானது.

நம் முன்னோர்கள் இங்கே கப்பலேறி வந்தபோது அவர்கள் அறிந்திருந்த காவல் வேறு மாதிரி. ஊருக்கு ஒரு தலையாரி, சில வட்டாரங்களில் பரம்பரைக் காவல்காரர், அவருக்கு ஊர் கொடுக்கும் நெல். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று வருவது ஊர்க்காவலையும் அதற்கான வரியையும் குறிக்கிறது. சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகுதான் சம்பளப் போலீஸ் முழு அளவில் ஊர்களுக்குள் நுழைந்தது. இங்கே வந்து இறங்கியவர்களுக்கோ துரை, கிராணி, கங்காணி, ஜாகா என்ற வரிசைதான் கண்முன் நின்ற அரசாங்கம். தோட்ட எல்லைக்குள் துரை சொன்னால் சட்டம் என்ற எண்ணம் அப்படி வேர்விட்டது. இன்றும் சில வீடுகளில் அது போகவில்லை.

அவசரகாலம் இதை இன்னும் அழுத்தியது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிந்தது 1960 ஜூலை 31-இல். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரம் சிறப்புக் காவலர்களை அவசர அவசரமாகச் சேர்த்தார்கள். 'எஸ்.சி.' என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வது இவர்களைத்தான். பயிற்சி குறைவு, கையில் துப்பாக்கி. முள்வேலி போட்ட லயத்து வாசலில், வேலைக்குப் போகிறவர் அரிசி கடத்துகிறாரா என்று சோதனை நடந்தது. மலாக்கா எல்லையை ஒட்டிய மூவார் மாவட்டத்தில், 1950 பிப்ரவரி 23-இல் தாக்கப்பட்ட புக்கிட் கெப்போங் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நின்று போராடியவர்களில் முழுநேரப் போலீஸ்காரர்களோடு துணைப் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். 'போலீஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை நியமனம் இருப்பது நமக்குப் புதிதல்ல.

1. முழுநேரப் போலீஸ்

இந்தியாவில் போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டுப் போலீஸ், கேரளப் போலீஸ் என்று தனித்தனி. மலேசியாவில் அப்படி இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி போலீஸ் கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. அதனால் 'மலாக்கா மாநிலப் போலீஸ்' என்று நாம் சொல்வது, ஒரே அரச மலேசியப் போலீஸ் படையின் மலாக்காப் பிரிவைத்தான். மாநில அரசு தனக்கென ஒரு போலீஸை அமர்த்த முடியாது.

நியமிப்பது யார்? அரசியலமைப்பின் 140-ஆவது விதி போலீஸ் படை ஆணையத்தை அமைக்கிறது. நியமனம், பணி உறுதிப்பாடு, பதவி உயர்வு, இடமாற்றம், கட்டொழுங்கு நடவடிக்கை எல்லாம் அதன் பொறுப்பில் வருகின்றன. அதற்குத் தலைவர் போலீஸ் துறைக்குப் பொறுப்பான அமைச்சர்.

அன்றாடக் கட்டளை யாருடையது? 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டப்படி படையின் தலைமை தேசியப் போலீஸ் படைத் தலைவரிடம். அவருக்குக் கீழே மாநிலப் போலீஸ் தலைவர். மலாக்காவில் மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என்று மூன்று மாவட்டப் போலீஸ் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே நிலையத் தலைவர்கள். ஒரு கான்ஸ்டபிளை மெர்லிமாவிலிருந்து மஸ்ஜிட் தானாவுக்கு மாற்றினாலும் அவருடைய அதிகாரம் குறையாது, கூடாது. அவர் நாடு முழுவதற்கும் போலீஸ்காரர். 'எங்கே வேலை' என்பது வேறு, 'எங்கே அதிகாரம்' என்பது வேறு. பாடத்தின் கரு இதுதான்.

பள்ளிகளோடு தொடர்பில் இருக்கும் போலீஸ் தொடர்பு அதிகாரியை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அவர் பள்ளிக்கென நியமிக்கப்பட்ட தனி வகைப் போலீஸ் அல்லர். முழுநேரப் போலீஸ்காரருக்குக் கொடுத்த ஒரு பணிப் பொறுப்பு, அவ்வளவுதான்.

2. துணைப் போலீஸ்

மலாயில் 'போலிஸ் பந்துவான்'. அமெரிக்கத் துணை ஷெரிப்போடு ஒப்பிட நம்மிடம் ஏதாவது உண்டென்றால் இதுதான் கொஞ்சம் நெருக்கம். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இறங்கினால் பார்க்கலாம். விமான நிலையம், பொதுப் பல்கலைக்கழகம், பெல்டா போன்ற பெரிய நிறுவனங்களிலும் உண்டு.

போலீஸ் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் அதன்கீழ் வந்த 1970-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இவர்களுக்கு அடிப்படை. சம்பளம் கொடுப்பவர் முதலாளி, அதிகாரம் கொடுப்பது சட்டம். நிறுவனம் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், சீருடைக்கும் பயிற்சிக்கும் செலவு செய்யலாம். ஆனால் போலீஸ் தரப்பின் அனுமதியும் முறையான பயிற்சியும் அதிகார அட்டையும் இல்லாமல் யாரும் துணைப் போலீஸ் ஆக முடியாது. மேலாளர் ஒரு சட்டையைக் கொடுத்து, "நாளையிலிருந்து நீ போலீஸ்" என்று சொன்னால் அது செல்லாது.

தமக்குரிய இடத்தில் இவர்களுக்குப் போலீஸ்காரருக்கு ஒப்பான அதிகாரம் உண்டு. அந்த இடம் எது? அவரை அமர்த்திய நிறுவனத்தின் நிலம், கட்டடம், சொத்து. அந்த எல்லைக்கு வெளியே, மலாக்கா ராயா கடைத்தெருவில் நின்று உங்கள் காரை நிறுத்திச் சோதனை போடுவது அவர் வேலை இல்லை. பிடித்த ஆளைத் தாமே வைத்து விசாரிப்பதும் இல்லை, போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆக முழுநேரப் போலீஸுக்கு நாடு எல்லை, துணைப் போலீஸுக்கு வேலி எல்லை. மாணவர்களுக்கு இப்படிச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

3. ஜாகா என்னும் பாதுகாவலர்

பள்ளி வாசலிலும் தோட்டத்து வாசலிலும் பெரும்பாலும் நிற்பவர் இவர்தான். 1971-ஆம் ஆண்டு தனியார் நிறுவனச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனம் இவரை வேலைக்கு அனுப்புகிறது. உரிமம் நிறுவனத்துக்கு. அது ஜாகாவைப் போலீஸ் ஆக்குவதில்லை.

அப்படியானால் அவர் யாரையும் பிடிக்கவே கூடாதா? பிடிக்கலாம். உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமை அவருக்கும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தனிமனிதர் கைது செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவர் தம் கண்முன்னே செய்தால், அவரைப் பொதுமக்களில் யாரும் பிடிக்கலாம். களவு இந்த வகையில் வரும். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, கண்முன்னே நடந்திருக்க வேண்டும். "நேத்து இவன்தான் எடுத்தான்னு கேள்விப்பட்டேன்" என்பது போதாது. இரண்டு, தேவையில்லாத தாமதமின்றிப் போலீஸ்காரரிடம் அல்லது அருகிலுள்ள நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, ஸ்டோரில் பூட்டி வைக்கவோ, எழுதி வாங்கவோ அந்தப் பிரிவில் இடமில்லை.

4. இவர்களும் உண்டு

பெங்ஹூலு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியவர்கள் என்று போலீஸ் அதிகாரியோடு சேர்த்துப் பெங்ஹூலுவையும் சொல்கிறது. முக்கிம் தலைவருக்கு இப்படி ஓர் அதிகாரம் இருப்பது பல ஆசிரியர்களுக்கே வியப்பாக இருக்கும்.

ரேலா: 1972-இல் தொடங்கிய தொண்டூழியப் படை. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதன் பங்கு, கேட்டுக்கொள்ளும்போது பாதுகாப்புத் துறைகளுக்கு உதவுவது. முன்பிருந்த கைது அதிகாரம் இப்போது இல்லை. கோயில் திருவிழாவில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பிள்ளைகள் மதிக்கட்டும், போலீஸ் என்று எண்ண வேண்டாம்.

பள்ளிப் போலீஸ் கேடட்: இது சீருடை இயக்கம். சீருடை போட்ட மாணவருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் இல்லை.

அரசாங்க ஊழியராக இல்லாத ஒருவர் அப்படிப் பாவனை செய்து நடந்துகொள்வது குற்றவியல் சட்டம் 170-ஆவது பிரிவின்கீழ் குற்றம். ஈராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளையாட்டுக்காகக்கூட "நான் மாத்தா-மாத்தா" என்று யாரையும் மிரட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

நம் மாணவர் பிடிபட்டால்?

இதெல்லாம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து சில நாள் வரவில்லை. விசாரித்தபோது தெரிந்தது, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினான் என்று காவலுக்கு இருந்தவர் பிடித்து, பொழுது சாயும்வரை ஒரு கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார். அம்மா வந்து மேலாளரிடம் கெஞ்சிய பிறகு விட்டார்கள். போலீஸில் சொன்னார்களா என்று கேட்டேன். "அதான் விட்டுட்டாங்களே டீச்சர், பெருசு பண்ண வேணாம்" என்றார் அம்மா. பையன் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. காவலுக்கு இருந்தவருக்குமே தெரிந்திருக்காது.

சட்டம் சொல்வதைப் பாருங்கள்.

• 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்வது குற்றமாகாது (குற்றவியல் சட்டம், 82-ஆவது பிரிவு).
• 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி சிறார். கைதானால் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.
• கைதான எவருக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை நாடும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 5-ஆவது விதி இது. சிறாராக இருந்தால் சிறார் நீதிமன்றம்.
• குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது.

சாதாரண உடையில் வந்து "போலீஸ்" என்று ஒருவர் சொன்னால் மரியாதையோடு அதிகார அட்டையைக் கேட்கலாம். மலேசிய வழக்கறிஞர் மன்றம் பொதுமக்களுக்கு வெளியிட்ட கையேடு அட்டையின் நிறத்தை விளக்குகிறது. நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் இன்ஸ்பெக்டருக்குக் கீழ், வெள்ளை சேமப் போலீஸ், சிவப்பு பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.

மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஓடாதே, கைகலக்காதே, பெயரும் முகவரியும் சொல், அப்பா அம்மாவைக் கூப்பிடச் சொல், "என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போங்க" என்று கேள். கடைசி வரி பிள்ளைகளுக்கு விசித்திரமாக இருக்கும். "போலீஸ் ஸ்டேஷனுக்கு நாமளே போறதா?" என்பார்கள். ஆமாம். தோட்டத்துக் கொட்டகையில் உரிமை எழுதிவைக்கப்படவில்லை. நிலையத்தில் பதிவுப் புத்தகம் இருக்கிறது, நேரம் எழுதப்படுகிறது, 24 மணி நேரக் கணக்கு ஓடுகிறது.

வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

*இலக்கியத்தோடு:* சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையைப் பேசும்போது பாண்டியனின் தவற்றைச் சொல்கிறோம், பொற்கொல்லனின் சூழ்ச்சியைச் சொல்கிறோம். காவலர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. வந்தவர்களில் சிலருக்குக் கோவலனைப் பார்த்ததும் இவன் கள்வனாக இருப்பானா என்ற ஐயம் எழுகிறது. ஆனாலும் ஒருவன் விசாரணையின்றி வாளை வீசிவிடுகிறான். மேலே சொன்ன மூன்று கேள்வியையும் இங்கே கேட்கச் சொல்லுங்கள். நியமித்தது யார்? எதற்கு அனுப்பினார்? அனுப்பிய பணிக்கு எல்லை வகுத்தாரா? எல்லை வகுக்காத கட்டளைதான் கோவலனைக் கொன்றது என்ற இடத்துக்கு மாணவர்கள் தாமாகவே வருவார்கள்.

*சொல்வளம்:* நியமனம், பணியமர்வு, இடமாற்றம், அதிகார எல்லை, கைது, தடுப்புக்காவல், ஒப்படைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். 'மாத்தா-மாத்தா' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கண்கள் என்று பொருள். 'காவல்' என்பதற்குத் தமிழில் காப்பது என்றும், தடுத்து வைப்பது என்றும் இரு பொருள் வருவதை ஒப்பிட்டுப் பேசலாம்.

*குழு நடவடிக்கை:* நான்கு அட்டை தயார் செய்யுங்கள்: போலீஸ், துணைப் போலீஸ், ஜாகா, ரேலா. சில சூழலைக் கொடுங்கள். ரயில் நிலையத்தில் பணப்பை திருட்டு, பள்ளி வாசலில் சண்டை, சாலையில் வாகனச் சோதனை, தோட்டத்தில் பழம் களவு. எந்த அட்டைக்காரர் என்ன செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று குழுவாக விவாதிக்கட்டும். 40 நிமிடம் போதும்.

*எழுத்து:* "எங்கள் வட்டாரத்தின் பாதுகாப்பு" என்ற தலைப்பில் கட்டுரை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் அவசரகாலத் தோட்ட வாழ்க்கையைக் கேட்டு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை நம்மோடு நீண்ட நாள் இருக்கப் போவதில்லை.

இது பொது விளக்கம்தான். உண்மையில் ஒரு வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரையோ சட்ட உதவி அமைப்பையோ உடனே நாடுங்கள். கட்டொழுங்கு ஆசிரியரிடமும் ஆலோசகரிடமும் இந்தப் பட்டியலைக் கொடுத்து வைப்பது நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்தால், கைதான பிள்ளைக்கு உள்ள உரிமைகளை மட்டுமாவது அம்மாக்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.